டிசம்பர் 11-இல் பிறந்த மகளுக்கு ஒரு சார்ட்: பட்டியலில் எதை நம்பலாம்?

உங்கள் மகள் டிசம்பர் 11-இல் பிறந்தவள். பாரதியும் விஸ்வநாதன் ஆனந்தும் அதே தேதியில் பிறந்தவர்கள் என்று தெரிந்ததிலிருந்து, பிறந்தநாளன்று வகுப்பில் ஒட்ட ஒரு சார்ட் வேண்டும் என்கிறாள். வாட்ஸ்அப்பில் ‘டிசம்பர் 11-இன் அதிசயம்’ என்று வந்த பட்டியலைப் போட்டு, இதில் எவை சரி, இத்தனை பேர் ஒரே நாளில் பிறக்க அந்தத் தேதிக்கு ஏதாவது சிறப்பு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு கேள்வி போலத் தெரிகிறது. ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது, குழந்தை கையால் எழுதி ஒட்டப்போகும் ஒரு தாளில் பொய் இருக்கக்கூடாது என்பதுதான். அதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒரு தமிழ் நாளிதழில் பத்தொன்பது வருடம் ‘வரலாற்றில் இன்று’ பெட்டிச் செய்தியை நான்தான் எழுதினேன். என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு மர அலமாரி, அதில் தேதிக்கு ஒன்றாக 366 பழுப்பு உறைகள். ஒவ்வொன்றிலும் வெட்டி எடுத்த செய்திகள், கையால் எழுதிய சீட்டுகள். ஒரு சீட்டில் மூன்று விஷயம் இருந்தால்தான் அச்சுக்குப் போகும்: நடந்த ஊர், வருடம், முதலில் எங்கே பதிவானது. தமிழ்நாட்டு, இந்திய விஷயங்களில் நானே பழைய இதழ்களைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டு விஷயங்களில் மூல ஆவணத்தை நேரில் பார்க்க எனக்கு வழி இருந்ததில்லை, அச்சான நூல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டதோடு சரி. ஜாதகப் பலன் என் துறை இல்லை, அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

முதலில் சிறப்பு பற்றிய கேள்வி. பிறப்பைப் பொறுத்தவரை டிசம்பர் 11-க்குத் தனிச் சிறப்பு எதுவும் இல்லை. இப்படிக் கணக்குப் போடுங்கள். உலகம் அறிந்த பெயர்கள் என்று ஒரு 4,000 பேரைப் பட்டியல் போட்டால், 365 நாளுக்குப் பிரித்தாலே நாளுக்குச் சராசரியாகப் பதினொரு பேர் வந்துவிடுவார்கள். என் அலமாரியில் காலியாக இருந்த உறை ஒன்றுகூட இல்லை, பிப்ரவரி 29 உட்பட. உங்கள் மகளின் வகுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 40 பிள்ளைகள் இருந்தால், அவர்களில் யாராவது இரண்டு பேருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட நூற்றுக்கு 89. ஆனால் உங்கள் மகளின் தேதியே இன்னொரு பிள்ளைக்கும் இருக்கும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்துதான். நாம் ஒரு தேதியை முதலிலேயே கையில் பிடித்துக்கொண்டு தேடுவதால், கிடைப்பதெல்லாம் அதிசயமாகத் தெரிகிறது.

நிகழ்ச்சிகள் விஷயம் அப்படியில்லை. அவை சில தேதிகளைச் சுற்றிக் கூடுவதற்குக் காரணம் இருக்கும், டிசம்பர் 11 அதற்கு நல்ல உதாரணம். ஆல்பிரட் நோபல் இறந்தது 1896 டிசம்பர் 10. அந்த நாளில்தான் பரிசு கொடுக்கிறார்கள். பரிசு வாங்கியவர்கள் தங்கள் ஆய்வைப் பற்றிப் பேசும் உரை அதையொட்டி அமையும், முன்பெல்லாம் பலருக்கு மறுநாளே. திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் ஸ்டாக்ஹோமில் தன் நோபல் உரையை நிகழ்த்தியது 1930 டிசம்பர் 11. ஐ.நா. பொதுச்சபையின் கூட்டத்தொடர் செப்டம்பரில் தொடங்கி டிசம்பரில் வேகம் பிடிக்கும், தீர்மானங்கள் வரிசையாக நிறைவேறும். யுனிசெஃப் 1946 டிசம்பர் 11-இல் உருவானதும், ஜூன் 21-ஐச் சர்வதேச யோகா தினமாக அறிவித்த தீர்மானம் 2014 டிசம்பர் 11-இல் நிறைவேறியதும் அப்படித்தான். பருவநிலை மாநாடுகளும் பல தடவை டிசம்பரில் நடந்திருக்கின்றன. கியோட்டோ ஒப்பந்தம் 1997-இல் இதே தேதியில்தான் ஏற்கப்பட்டது. இவை எல்லாம் உங்கள் பட்டியலில் சரியாகவே இருக்கின்றன.

இனி பிறந்தவர்கள். பாரதியிடமிருந்து தொடங்குகிறேன், அவர் விஷயத்தில் ஒரு தேதி எப்படி நமக்கு வந்து சேருகிறது என்பது நன்றாகத் தெரியும். எட்டயபுரத்தில் அவர் பிறந்தது சித்திரபானு வருடம் கார்த்திகை 27, மூல நட்சத்திரம். அதன் ஆங்கிலத் தேதி 1882 டிசம்பர் 11, திங்கட்கிழமை. அந்தக் காலத்தில் பிறந்தவர்களுக்குப் பெரும்பாலும் தமிழ்த் தேதிதான் மூலம், ஆங்கிலத் தேதி பின்னால் கணக்கிட்டு எடுப்பது. இங்கேதான் கவனம் வேண்டும். பஞ்சாங்க நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது, ஆங்கில நாள் நள்ளிரவில். விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு குழந்தை பிறந்தால் தமிழ்க் கணக்கில் அது முந்தின நாள், ஆங்கிலக் கணக்கில் புது நாள். நேரம் தெரியாமல் தேதியை மட்டும் மாற்றினால் ஒரு நாள் முன்னே பின்னே போய்விடும். பாரதியின் தேதியில் நாளும் நட்சத்திரமும் கிழமையும் ஒத்துப்போகின்றன, அதனால் அதை உறுதியாகவே எழுதலாம்.

இன்னொன்றையும் உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள், அவளுக்குப் பிடிக்கும். இப்போது கார்த்திகை 27, டிசம்பர் 11-இல் வருவதில்லை, 12 அல்லது 13-இல் வருகிறது. நம் பஞ்சாங்க ஆண்டு ஆங்கில ஆண்டைவிடச் சுமார் 20 நிமிடம் நீளம். 70 வருடத்துக்குச் சுமார் ஒரு நாள் நகர்ந்துவிடும். பாரதி பிறந்து 140 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதால் இரண்டு நாள் தள்ளிப்போகிறது.

அவர் மறைந்த தேதியிலும் இதே சிக்கல்தான். திருவல்லிக்கேணி வீட்டில் அவர் உயிர் பிரிந்தது 1921 செப்டம்பர் 11-ஆம் தேதி இரவு நள்ளிரவு தாண்டி, ஏறக்குறைய ஒன்றரை மணிக்கு. வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் அது 11-ஆம் தேதி ராத்திரிதான், விடியவில்லையே. மாநகராட்சிப் பதிவேட்டுக்கு அது 12-ஆம் தேதி. தமிழக அரசு 2021-இல் செப்டம்பர் 11-ஐ மகாகவி நாளாக அறிவித்தது. இரண்டு தரப்பும் ஒரே இரவைத்தான் சொல்கின்றன. ஆனால் உங்கள் பட்டியலில் ‘39 வயதில் மறைந்தார்’ என்று இருப்பதை மட்டும் திருத்திவிடுங்கள். 39 முடிய அவருக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. மறைந்தபோது வயது 38.

அதே 1882, அதே டிசம்பர் 11. அன்று ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரில் இன்னொரு குழந்தையும் பிறந்தது. இன்று அந்த ஊர் போலந்தில், விராட்ஸ்வாஃப் என்ற பெயரில் இருக்கிறது. அந்தக் குழந்தைதான் மாக்ஸ் பார்ன், குவாண்டம் இயற்பியலில் நிகழ்தகவை உள்ளே கொண்டுவந்தவர். வாட்ஸ்அப் பட்டியல்களில் இந்தப் பெயர் வருவதே இல்லை, உங்களுடையதிலும் இல்லை. எனக்கு அந்த உறையிலேயே மிகவும் பிடித்த சீட்டு இது. நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் வேலையை இழந்து ஜெர்மனியை விட்டு வெளியேறிய பார்ன், ராமனின் அழைப்பில் 1935-36-இல் பெங்களூருக்கு வந்து இந்திய அறிவியல் நிறுவனத்தில் சுமார் ஆறு மாதம் தங்கினார். ராமன் அவரை அங்கேயே நிரந்தரப் பேராசிரியராக்க முயன்றார், நடக்கவில்லை. பாரதி அப்போது மறைந்து பதினான்கு வருடம். இருந்திருந்தால் அவருக்கும் 53 வயது, பார்னுக்கும் 53. பார்னுக்கு நோபல் வந்தது 1954-இல். நோபல் உரையை அவர் நிகழ்த்தியது அந்த ஆண்டு டிசம்பர் 11, அவருடைய 72-வது பிறந்தநாள் அன்று. இருபத்து நான்கு வருடம் முன்பு ராமன் பேசியதும் அதே தேதி. உங்கள் சார்ட்டில் பாரதி படத்துக்குப் பக்கத்தில் பார்னை வையுங்கள் என்பதுதான் என் முதல் சிபாரிசு.

மற்றவர்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோக் 1843 டிசம்பர் 11-இல் பிறந்தவர். அந்தக் கண்டுபிடிப்பை அவர் அறிவித்தது 1882 மார்ச் 24, பாரதி பிறந்த அதே ஆண்டு. மார்ச் 24-ஐ இன்றும் உலகக் காசநோய் நாளாக வைத்திருக்கிறார்கள். எகிப்து எழுத்தாளர் நகிப் மாஃபூஸ் 1911, ரஷ்ய எழுத்தாளர் சோல்செனிட்சின் 1918, நடிகர் திலீப் குமார் பெஷாவரில் 1922, குடியரசுத் தலைவராக இருந்த பிரணாப் முகர்ஜி 1935. இந்த நால்வரும் சரி. ஆனந்த் 1969, மயிலாடுதுறை. பட்டியலில் சென்னை என்று போட்டிருக்கிறது, வளர்ந்தது சென்னை, பிறந்தது மயிலாடுதுறை. 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2000, 2007, 2008, 2010, 2012 என ஐந்து முறை உலகச் சாம்பியன்.

அப்புறம், பிறப்பு இறப்புப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் நம் நாட்டில் வந்ததும் 1969-இல்தான். அதற்கு முன் பிறந்த பலருக்குப் பள்ளியில் சேர்க்கும்போது தலைமை ஆசிரியர் போட்ட தேதிதான் பிறந்த தேதி. ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும்போது ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும் என்று மே மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுவிடுவார்கள். என் தந்தைக்கே சான்றிதழில் மே, ஜாதகத்தில் ஆவணி. ஆகவே பழைய அரசியல்வாதிகள், நடிகர்கள் பிறந்தநாளில் மே, ஜூன் வந்தால் நான் இரண்டாவது முறை பார்ப்பேன். டிசம்பர் அந்த வகையில் கொஞ்சம் பாதுகாப்பான மாதம், பள்ளிக்காக டிசம்பரைத் தேர்ந்தெடுக்க யாருக்கும் காரணமில்லை.

உங்கள் பட்டியலில் நேராகத் தவறாக இருப்பவை நான்கு. எம்.எஸ். சுப்புலட்சுமி பிறந்த நாள் என்று போட்டிருக்கிறது. அவர் மதுரையில் பிறந்தது 1916 செப்டம்பர் 16, டிசம்பர் 11 அவர் மறைந்த நாள். தில்லி தலைநகராகும் என்று ஐந்தாம் ஜார்ஜ் தர்பாரில் அறிவித்தது 1911 டிசம்பர் 12. ரஜினிகாந்த் பிறந்தநாளும் 12 என்பது நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், எப்படி உள்ளே நுழைந்தது என்று தெரியவில்லை. குகேஷ் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனது 2024 டிசம்பர் 12. ஆனந்துக்கு முந்தின நாள்தான் 55 வயது முடிந்திருந்தது. அந்தக் கடைசி ஆட்டத்தில் டிங் லிரென் பிழை செய்த நகர்த்தலும் 55-வது. இப்படி எண்கள் ஒத்துப்போகும்போது கதையை இன்னும் அழகாக்க ஒரு நாளை நகர்த்தும் ஆசை யாருக்கும் வரும். குகேஷை ஆனந்தின் பிறந்தநாளிலேயே சாம்பியனாக்கிவிட்டார்கள். நடந்ததே போதுமான அழகு, அதை இழுத்து நீட்டத் தேவையில்லை.

தவறு என்றும் சொல்ல முடியாத, அப்படியே ஏற்கவும் முடியாத சில வரிகள் இருக்கின்றன. ‘எட்டாம் எட்வர்டு முடிதுறந்த நாள், 1936’ என்பது ஒன்று. அவர் ஆவணத்தில் கையெழுத்திட்டது டிசம்பர் 10. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றி அது நடைமுறைக்கு வந்ததும், அவர் வானொலியில் பேசியதும் 11. தென்னாப்பிரிக்காவின் சட்டப்படி அவர் ஆட்சி முடிந்தது 10, அயர்லாந்தின் சட்டப்படி 12. ஒரே மனிதர் மூன்று தேதிகளில் முடிதுறந்திருக்கிறார், மூன்றும் சட்டப்படி சரி. எழுதுவதானால் ‘முடிதுறப்பு நடைமுறைக்கு வந்த நாள்’ என்று எழுதலாம்.

‘மனிதன் நிலவில் கடைசியாக இறங்கிய நாள், 1972’ என்பது இன்னொன்று. அப்பல்லோ 17-இல் செர்னானும் ஷ்மிட்டும் இறங்கியது கிரீன்விச் நேரப்படி டிசம்பர் 11 இரவு 7.54. அமெரிக்காவில் அப்போது பகல். இங்கே 12-ஆம் தேதி அதிகாலை 1.24. சென்னையில் விழித்திருந்து வானொலி கேட்டவருக்கு அது 12. பொதுவாக இதில் கிரீன்விச் அல்லது நிகழ்வை நடத்தியவர்களின் நேரத்தை எடுத்துக்கொள்வது வழக்கம், இரண்டிலும் 11 என்பதால் சார்ட்டில் வைக்கலாம். கால்பந்தில் இதற்கு நேர்மாறாக நடக்கும். 2022 உலகக் கோப்பைக் காலிறுதியில் இங்கிலாந்தை பிரான்ஸ் 2-1 என்று வென்ற ஆட்டம், ஹாரி கேன் கடைசியில் பெனால்டியை மேலே அடித்தாரே, அது கத்தாரில் 10-ஆம் தேதி இரவு 10 மணிக்குத் தொடங்கியது. நாம் பார்த்தது 11-ஆம் தேதி நள்ளிரவு 12.30-க்கு. பதிவில் 10 என்றுதான் இருக்கும், இருக்கவும் வேண்டும்.

கிரிக்கெட்டுக்கு இன்னொரு பொறி உண்டு, அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். உங்கள் பட்டியலில் ‘கபில்தேவின் 434 விக்கெட் சாதனையை கும்ப்ளே முறியடித்தார், 2004’ என்று 11-க்குப் போட்டிருக்கிறது. நான் பார்த்த வேறு பட்டியல்களில் ‘கவாஸ்கரின் 34 சதங்களை டெண்டுல்கர் சமன் செய்தார்’ என்பதை 10-க்குப் போட்டிருக்கிறார்கள். இரண்டும் ஒரே டெஸ்ட், டாக்காவில் பங்களாதேஷுக்கு எதிராக நடந்தது. டெஸ்ட் ஐந்து நாள் ஆட்டம், ஆனால் புள்ளிவிவர அட்டவணையில் ஆட்டம் தொடங்கிய தேதி மட்டும்தான் அச்சாகும். 10-ஆம் தேதி, முதல் நாள், பங்களாதேஷ் 184 ரன்னுக்குச் சுருண்டது; கும்ப்ளே கபிலைத் தாண்டியது அன்று. டெண்டுல்கர் சதம் அடித்தது மறுநாள், சனிக்கிழமை, 11. ஆட்டமிழக்காமல் 248 வரை போனார். ஆக, கும்ப்ளேயை எடுத்துவிட்டு அந்த இடத்தில் டெண்டுல்கரை வையுங்கள். டெஸ்ட் சாதனை எதையும் தேதியோடு எழுதும் முன் அது எத்தனையாவது நாள் ஆட்டம் என்று பார்த்துவிட வேண்டும். இதைப் பார்க்காமல் நானே ஆரம்ப வருடங்களில் இரண்டு முறை தவறாக அச்சிட்டு, வாசகர்கள் கடிதம் எழுதித் திருத்தினார்கள்.

அந்தச் சனிக்கிழமையை நான் மறக்கவில்லை. இரவுப் பணி எனக்கு. விளையாட்டுப் பக்கத்தில் ஹெல்மெட்டைக் கழற்றி மேலே பார்க்கும் டெண்டுல்கர் படம் ஏறிவிட்டது. முதல் பக்கமும் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. நேரம் கடந்து தொலைபேசி வந்தது, எம்.எஸ். போய்விட்டார். 88 வயது, உடல்நலம் இல்லாமல் இருந்தார் என்று தெரியும், ஆனாலும் மேசையில் ஒருவரும் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு முதல் பக்கத்தை மொத்தமாகக் கலைத்தோம். தம்பூராவோடு கண் மூடி அமர்ந்திருக்கும் படத்தை யாரோ எடுத்து வந்தார்கள். நகர்ப் பதிப்பில்தான் அது போனது. வெளியூர்ப் பதிப்பு ஏற்கெனவே அச்சாகிவிட்டதால் பல ஊர்க்காரர்கள் திங்கட்கிழமைதான் எங்கள் பத்திரிகையில் அதைப் படித்தார்கள். அதனால்தான் பழைய இதழ்களிலிருந்து தேதி எடுப்பவர்களுக்கு நான் சொல்வது, செய்தி வந்த நாளைப் பார்க்காதீர்கள், செய்தியின் தலைப்பில் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் தேதியைப் பாருங்கள் என்று. அதிகாலை வேலை முடிந்ததும் டிசம்பர் 11 உறையைத் திறந்து இரண்டு சீட்டு எழுதிப் போட்டேன். ஒன்று 34, இன்னொன்று எம்.எஸ்.

நம் நாட்டு வரலாற்றில் இன்னொரு வரி உங்கள் பட்டியலில் விடுபட்டிருக்கிறது. அரசியல் நிர்ணய சபை முதன்முதலில் கூடியது 1946 டிசம்பர் 9, அன்று மூத்த உறுப்பினர் சச்சிதானந்த சின்ஹா தற்காலிகத் தலைவர். இரண்டு நாள் கழித்து, 11-இல், ராஜேந்திர பிரசாத்தை நிரந்தரத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். சபையின் நடவடிக்கைக் குறிப்பு நாள்வாரியாக அச்சாகியிருப்பதால் இதில் எந்தக் குழப்பமும் கிடையாது. யுனிசெஃப் உருவானதும் அதே நாள் என்பதால் இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதிவிடலாம்.

சரி, சார்ட்டுக்கு வருவோம். பதினெட்டு வரி வேண்டாம், வகுப்புச் சுவரில் யாரும் படிக்க மாட்டார்கள். நடுவில் பாரதியும் மாக்ஸ் பார்னும், இருவருக்கும் பொதுவாக ஒரே தேதி, இரண்டு ஊர்ப் பெயர். கீழே ஆனந்த், மயிலாடுதுறை என்ற பெயரோடு. ஒரு பக்கம் ராஜேந்திர பிரசாத்தும் யுனிசெஃப்பும், இன்னொரு பக்கம் அப்பல்லோ 17, ‘இந்திய நேரப்படி 12 அதிகாலை’ என்ற சின்னக் குறிப்புடன். 2004-க்கு ஒரு கட்டம், அதில் டாக்காவும் சென்னையும். பிறந்தவர்களுக்கு ஒரு நிறம், மறைந்தவர்களுக்கு வேறு நிறம் கொடுங்கள், எம்.எஸ். விஷயத்தில் நடந்த குழப்பம் வராது. ஒவ்வொன்றிலும் ஊர் கட்டாயம் இருக்கட்டும். கடைசியாக ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு, மருத்துவமனைச் சீட்டில் இருக்கும் உங்கள் மகள் பிறந்த நேரத்தையும், வீட்டில் பெரியவர்களிடமோ அந்த வருடப் பஞ்சாங்கத்திலோ கேட்டு அவளுடைய தமிழ்த் தேதியையும் அவளையே எழுதச் சொல்லுங்கள். பகலில் பிறந்தவள் என்றால் கார்த்திகை 25 அல்லது 26 வரும்.